அப்பா நின்ற இடம்

முதலில் கையை எடுத்தார்.

கல்யாணப் படத்தில் அவளுடைய தோளில் பட்டும் படாமலும் இருந்த அப்பாவின் கை. பிறகு சால்வை. பிறகு வேட்டி. ஸ்ரூடியோ ஞானேந்திரம் கணினித் திரைக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்திருந்தார். முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அந்தளவுக்கு மனுசன் நல்லவர்.

அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பாவை அந்தக் கல்யாணப் படத்தில் வைத்தவரும் இதே ஞானேந்திரம்தான். கல்யாணம் திருச்சியில் நடந்தது. அகதியாகப் போன மாப்பிள்ளை இலங்கைக்குள் கால் வைக்க முடியாது. அவன் கனடாவிலிருந்தும் அவள் யாழ்ப்பாணத்திலிருந்தும் போய், முன்பின் தெரியாத ஒரு மண்டபத்தில் தாலி கட்டி முடித்தார்கள். அதற்கு முந்தின வருடமே அப்பா கண்ணை மூடிவிட்டார்.

அப்பா இல்லாத கல்யாணப் படத்தை எப்படிச் சுவரில் மாட்டுவது? ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், கடல் கடந்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரையும் ஞானேந்திரம் கூட்டி வந்து வரிசையில் நிறுத்திவிடுவார். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை.

விசா அலுவலகம் சொன்னது.

புருசனைப் பார்க்க விசிட் விசா கேட்பவளுக்கு இரட்டைப் பாடு. கல்யாணம் உண்மை என்று காட்ட வேண்டும். அதே மூச்சில், அந்தப் புருசனை அங்கேயே விட்டுவிட்டு ஒழுங்காகத் திரும்பி வருவேன் என்றும் காட்ட வேண்டும். முன்னதற்குக் கல்யாணப் படம் வைத்தாள். பின்னதற்கு வீட்டு உறுதிப் பத்திரம் வைத்தாள். வீடு அப்பாவிடமிருந்து வந்தது என்பதற்கு அவருடைய மரணச் சான்றிதழையும் சேர்த்து வைத்தாள்.

ஒரே கோப்புக்குள் அப்பா செத்தும் கிடந்தார். அடுத்த வருடம் எழும்பி வந்து மகளின் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டும் நின்றார்.

படம் போலி என்று மறுத்துவிட்டார்கள்.

கனடாவில் அவனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டான் என்று டொக்டர் சொன்னதை, அவனோடு அறையில் இருக்கும் நிமலன் சொல்லாமல் சொல்லியிருந்தான். ஸ்பொன்சர் விண்ணப்பம் எங்கேயோ இழுபட்டுக்கொண்டு கிடந்தது. குடியேறுவதெல்லாம் பிறகு. இப்போது அவனுக்குத் தன் கையால் ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும். அதற்காக அவள் யாரை வேண்டுமானாலும் அழிப்பாள்.

அப்பா இல்லாத மூலப் படம் ஞானேந்திரத்திடம் இப்போது இல்லை. பழைய கணினியோடு போய்விட்டது. அதனால் மண்டபத்துச் சிவப்புத் திரைச்சீலையைத் துண்டு துண்டாக எடுத்து அப்பா நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடி காட்ட இவ்வளவு பொய் வேலை.

முகமும் போனது.

 மன்னித்துக்கொள்ளுங்கோ அப்பா என்று அவள் மனதுக்குள் சொன்னாள்.

அங்கே விடிந்திருந்தது. வேலைக்குப் போகுமுன் நிமலன் வீடியோவில் அழைத்தான். அவளுடைய புருசனைத் தலையணையில் சாய்த்து உட்கார்த்தியிருந்தான். சவரம் செய்யாத முகம்.

இந்தமுறை புருசனுக்கும் போன் எடுத்து விசாரிப்பார்கள் என்று விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் எச்சரித்திருந்தார். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்பார்களாம். இரண்டு பேரும் ஒன்றையே சொல்ல வேண்டுமாம்.

அவள் போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். இதுதான் கொடுக்கப்போகிற படம், வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றாள்.

அவன் நெடுநேரம் பார்த்தான்.

"மாமா... எங்க?"

அவளுடைய அப்பாவைத்தான் கேட்கிறான்.

நிமலன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பழைய படம் இவ்வளவு காலமும் அவனுடைய கட்டில் தலைமாட்டில்தான் இருக்கிறது. பாரிசவாதம் வந்த பிறகு அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். மாமா திருச்சிக்கு வந்து, நெற்றியில் திருநீறு பூசி, மகளைக் கைபிடித்துத் தந்ததாகக் கதை கதையாகச் சொல்கிறானாம்.

அதையே அவர்களுக்கும் சொல்வான். இந்த விசாவும் போய்விடும். மூன்றாவது முறை கேட்க அவன் இருப்பானோ தெரியாது.

அவள் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அப்பா முதலே செத்துப்போனார். திருச்சிக்கு வரவில்லை. திருநீறு பூசியது ஐயர். அப்பாவைப் பிறகு இந்த ஸ்ரூடியோவில்தான் படத்தில் வைத்தது. திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனுடைய கண் நிறைந்து வழிந்தது. நிமலன் துடைத்துவிட்டான். அவள் விடவில்லை. இன்னொருக்கால் சொல்லுங்கோ என்று கெஞ்சினாள்.

"மாமா... வரேல்லை."

இன்னொருக்கால்.

"மாமா வரேல்லை."

சரியாகச் சொல்லிவிட்டான். அவளுக்குப் பெரிய ஆறுதல். ஞானேந்திரமும் தலையாட்டினார்.

அவன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புத் திரைச்சீலை. மாலையும் கழுத்துமாக அவன். பக்கத்தில் ஒரு பெண்.

வாயைக் கோணி, பாடுபட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்தான்.

"அப்ப... நீர் வந்தனீரோ?"

ஞானேந்திரம் மவுசிலிருந்து கையை எடுத்தார்.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.