பொதுச் சுவர்

டொக். டொக். டொக்.

இருட்டிவிட்டால் எங்கள் ஹால் சுவரில் இந்தச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்துப் போர்ஷனில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். என் கணவரின் மாணவிகள்.

ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஆணி அடிக்கிறாளுங்களா, என்ன எழவு?"

அடுத்த நிமிடம் வாசலில் அழைப்பு மணி.

"சார், ஒரு டவுட்."

நெட்டையாக ஒருத்தி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட இன்னொருத்தி. கையில் புத்தகம். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். வாசல் விளக்கடியில் அரை மணி நேரம் பாடம். திரும்பி வந்தபோது அவர் முகமே வேறு.

"பாரு, எவ்ளோ ஆர்வம்!"

நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மா கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா?

"பகல் பூரா யூனிவர்சிட்டியில கூடவேதான் இருக்காங்க. அங்க வராத டவுட்டு, இருட்டினப்புறம் ஆம்பளை வாத்தியார் வீட்டு வாசல்லதான் வருமா? பச்சை உடம்புக்காரி, நீ அசந்துடாதே. உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். அதான் பயமே."

அவர் தங்கமானவர் என்றுதான் தெருவே சொல்லும். அவர் துறை சமூகப்பணி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை எங்கள் தெருவுக்கே வரவழைத்து, தாய்மார்களை உட்கார வைத்துக் குடும்ப வாழ்க்கை பற்றிப் பேசுவார். "வீட்டில் உயர வேண்டியது மரியாதை. குரல் இல்லை" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். டீச்சரம்மா என் தோளை இடித்து, "நீ குடுத்து வச்சவடி" என்பாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். கான்வென்ட்டில் எதையும் சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்கியிருந்தார்கள். அதனால் கண்டிப்பும் சிரிப்போடுதான் வந்தது.

"இனிமே இருட்டினப்புறம் வராதீங்கம்மா. டவுட்டுன்னா டிபார்ட்மென்ட்லயே கேட்டுக்குங்க. தெருவுல நாலு பேர் நாலு விதமா பேசறாங்க."

கண்ணாடிக்காரி திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, எங்களுக்கு சார் நடத்துற பாடமே பிடிக்கா..."

நெட்டை அவள் காலை மிதித்தாள்.

"சரிக்கா. நீங்க வேணாம்னா வரலை." என் கையைப் பார்த்துக் கேட்டாள். "மணிக்கட்டு எப்படி இருக்கு?"

"அது கதவுல இடிச்சுக்கிட்டது."

"ஆமாக்கா. போன தடவையும் கதவுதான்."

மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு இருட்டிய பிறகு சத்தம் இல்லை. மணியும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பாப்பா அழுதாள். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.

"அது வாயை மூட வைக்க மாட்டே?"

பசி, இதோ தூங்கிவிடுவாள் என்றேன். அவர் குரல் ஏறியது. தண்ணீர் டம்ளர் சுவரில் மோதி உருண்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் சரியாக இந்த இடத்தில்தான் அந்தச் சத்தம் வரும்.

சுவரைப் பார்த்தேன். என் கை தானாக நீண்டது.

டொக். டொக். டொக்.

அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் வாசலில் மணி அலறியது.

"சார், ஒரு டவுட்!"

இருவர் காலிலும் செருப்பு இல்லை. கண்ணாடிக்காரியின் கையில் புத்தகம் தலைகீழாக இருந்தது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கம்மா, வாங்க."

கண்ணாடிக்காரி அவரை வாசலிலேயே மடக்கிக்கொண்டாள். நெட்டை நேராக என்னிடம் வந்தாள்.

"பாப்பாவைக் குடுங்க. எங்க வீட்ல தூங்கட்டும். நீங்களும் வாங்கக்கா."

அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. எதிர் பால்கனியில் டீச்சரம்மா நின்றிருந்ததால் அவர் சிரித்தபடியே வழிவிட்டார்.

அவர்கள் போர்ஷனுக்குள் போனதும் கேட்டேன். "உங்க மார்க்கெல்லாம் அவர் கையிலதானே இருக்கு?"

"போனா போகுதுக்கா. மார்க்கு அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்," என்றாள் நெட்டை, பாப்பாவைப் பாயில் கிடத்திக்கொண்டே. "நாங்க தட்டினதெல்லாம், ஒருநாள் நீங்க தட்டணுமேன்னுதான்."

கண்ணாடிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்து கதவைச் சாத்தினாள். பின்னாலேயே அவர் குரல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்கும் அதே குரல்.

"என்னம்மா, குழந்தை தூங்கிட்டாளா? வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கதவைத் தொடவில்லை.

எழுந்து போய், தாழ்ப்பாளை நானே போட்டேன்.