சாரல் அடிக்காத நூலகம்

“அம்மா, நீ கட்டின நூலகத்தை எவனோ அப்படியே காப்பி அடிச்சிருக்கான்!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் மகன் கத்தினான். அவனும் கட்டடக் கலைஞன்தான். புதிய நகர நூலகத்துக்கான வடிவமைப்புப் போட்டியில், அன்று காலைதான் அவனைத் திடீரென்று நடுவராக்கியிருந்தார்கள்.

“யாரு?”

“பேரை மறைச்சுத்தான் தருவாங்க. காலேஜ் முடிச்ச ஏதாவது பொடியனா இருக்கும். கூரைக்குக் கீழே நீளமா ஒரு திறப்பு விட்டு வெளிச்சத்தை இறக்கியிருக்கான். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி நீ செஞ்ச அதே வேலை!”

“அதுல மழைச் சாரல் அடிக்குமே. சின்ன வயசுல நீயே பெஞ்சுல உட்கார்ந்து நனைஞ்சிருக்க.”

“இதுல அடிக்காது.” அவன் குரல் இறங்கியது. “கூரையை வெளியே இழுத்து, நுனியை வளைச்சு விட்டிருக்கான். வெளிச்சம் வரும், சாரல் வராது. மத்த நடுவருங்க எல்லாம் வாயைப் பிளந்துட்டாங்க.”

“அப்ப அது காப்பி இல்லையே. பழைய கட்டடத்துகிட்ட ஒழுங்கா பாடம் கேட்டிருக்காங்க.”

“உனக்குக் கோபமே வரலையா? நாளைக்கு அதைத் தூக்கி எறிய வைக்கிறேன் பாரு!”

“நாளைக்கு நீ போகாதே. நடுவர் வேலை வேணாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு.”

“ஏம்மா?”

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தச் சாரல் இத்தனை வருஷமா என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சுடா. இப்பதான் சரி பண்ணி அனுப்பினேன். நான் வரைஞ்சதுக்கு என் புள்ளையே மார்க் போட்டா நல்லாவா இருக்கும்?”