ஒரு வாய் இளநீர்

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் இளநி குடுக்கக் கூடாதா? இது முதியோர் இல்லமா, ஜெயிலா?"

குருநாதன் போட்ட சத்தத்தில் மண்டபம் ஊரிலிருந்த அந்த இல்லமே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் மெஹருன்னிசா அவன் கையிலிருந்து பிடுங்கிய டம்ளரை வாஷ்பேசினில் கவிழ்த்தாள்.

கட்டிலில் கிடந்த பால்சாமி, இளநீர் வழிந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த உடம்பு. வாய் திறந்தே இருந்தது.

"தண்ணி..." என்றார். தெளிவாக வருகிற வார்த்தை அவருக்கு அது ஒன்றுதான்.

"பாருங்க, எப்படித் தவிக்கிறாரு!"

"எங்ககிட்டக் கேளு தம்பி," என்றாள் வராண்டா நாற்காலியில் இருந்த இராமலட்சுமி. அவளும் அங்கே இருப்பவள்தான். "பச்சைத் தண்ணியைக்கூட அந்த மனுசன் கண்ணுல காட்ட மாட்டா இந்தப் பொம்பள. கல்நெஞ்சுக்காரி."

"அண்ணே, கோவப்படாமக் கேளுங்க," என்றாள் மெஹருன்னிசா. "அய்யாவுக்குத் தொண்டையும் விழுந்துபோச்சு. டாக்டரம்மா வந்து ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துப் பாத்தாங்க. புரையேறி, குரலே களகளன்னு மாறிருச்சு. தண்ணியா எதைக் குடுத்தாலும் வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போயிரும். சளி கட்டி, காய்ச்சல் கண்டு, ஆளையே கொண்டுபோயிரும்."

குருநாதனின் குரல் இறங்கியது. "இளநியுமா?"

"இளநி, பாலு, காப்பி எல்லாந்தான். கெட்டியான கூழு மட்டுந்தான் குடுக்கலாம்."

பால்சாமியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். மோவாயைக் கீழே குனிய வைத்து, கேப்பைக் கூழ் ஒரு ஸ்பூன் கொடுத்தாள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"முழுங்குங்க அய்யா... இன்னொருக்க, வெறும் வாயா முழுங்குங்க... இப்ப 'ஆ' சொல்லுங்க."

"ஆ..."

"குரல் சுத்தமா இருக்கு பாத்தீங்களா? வந்த புதுசுல இதுவும் இறங்காது. இப்படியே பழக்கினா, கொஞ்ச மாசத்துல தண்ணியே குடிச்சிருவாரு."

"அப்ப, பிழைச்சுக்கிருவாருங்கிறீங்க?"

"இன்னும் வருசக்கணக்கா இருப்பாருண்ணே."

குருநாதன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியாம சத்தம் போட்டுட்டேன் சிஸ்டர். கொள்ளி வைக்க நான் ஒருத்தன்தான். துபாயில லீவு முடியப் போகுது. அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆகும். நான் அங்கன கிடக்கும்போது அய்யாவுக்கு ஒண்ணு ஆகிட்டா?"

இராமலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயும் பிள்ளை, என் மகனும் பிள்ளை. அவன்கிட்ட இருந்தா, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, வாயில இளநிய ஊத்தி, ஒரே ராத்திரியில மேல அனுப்பி வச்சிருவான். அதுக்குப் பயந்துதான் இங்கன வந்து கிடக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

மறுநாள் காலையில் குருநாதன் வேனோடு வந்து நின்றான்.

"அய்யாவைக் கடலாடி வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். துபாய்க்குக் கிளம்புறதுக்குள்ள என் கையால அவருக்குச் செய்யணும்."

"இப்படி ஒரு மகன் யாருக்கு வாய்க்கும்!" என்றாள் இராமலட்சுமி.

மெஹருன்னிசா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே மறுபடி சொன்னாள். "நிமிந்து உக்கார வச்சுத்தான் குடுக்கணும். படுக்க வச்சுக் குடுத்துராதீங்க. தண்ணி மட்டும் வேணவே வேணாம்ணே."

"நீங்க சொன்னது ஒண்ணு விடாம மனசுல இருக்கு சிஸ்டர்."

வீட்டுக்குப் போகிறோம் என்று பால்சாமிக்குப் புரிந்திருந்தது. முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. வாசல் வரைக்கும் "தண்ணி... தண்ணி..." என்று முனகிக்கொண்டே வந்தார்.

குருநாதன் வேனின் பின்கதவைத் திறந்தான்.

உள்ளே பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு டின் நல்லெண்ணெய். பக்கத்தில் ஒரு குலை இளநீர்.

முனகல் நின்றது.

பால்சாமி, விளங்குகிற கையால் மெஹருன்னிசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதமாகத் தண்ணீருக்காகத் திறந்தே கிடந்த வாயை இறுக மூடிக்கொண்டார்.