கூந்தலுக்கு ஒரு விளக்கு

தங்கை கையைப் பிடித்து போட்டோ ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, போன் பேச வெளியே போனாள். அந்த நீளக் கூந்தலை மின்ன வைக்காவிட்டால் அப்புறம் நான் என்ன போட்டோக்காரன் என்று நினைத்தார் போட்டோக்காரர். பின்னால், தலைக்கு மேலே, அனலாய்க் கொதிக்கும் ஹேர் லைட்டைப் போட்டார்.

அக்கா பின்பக்கம் திரும்பினாள்.

"இப்படிப் பாரும்மா."

திருப்பி உட்காரவைத்தால், மறுபடியும் அங்கேயே திரும்பினாள்.

அவருக்குப் பொறுமை போனது. "எத்தனை வாட்டி சொல்றது? கேமரா இங்க இருக்கு, கண்ணு தெரியலையா?"

"பொறந்ததுலேருந்தே தெரியாதுங்க," என்றாள். "சூடு வர்ற பக்கம்தான் கேமரான்னு நினைச்சு, இவ்வளவு நேரம் அங்கயே சிரிச்சிட்டிருந்தேன்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வந்ததிலிருந்து முடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார்.