நகம் இறங்கும் தூண்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்குள், முகப்பவுடருக்கு அரைக்கும் மென்மையான பவுடர்க்கல்லை வெட்டும் சுரங்கத்தின் கூரையைத் தாங்கும் தூணடியில் உட்கார்ந்து வெண்டல் ரொட்டி தின்கிறார். தலைவிளக்கின் வெளிச்சத்தில் தூசி மாவாக மிதக்கிறது. கூட வேலை செய்யும் அர்மான் தூணை நகத்தால் கீறிப் பார்க்கிறான். "அண்ணே, கருங்கல்லுன்னுதானே இதைக் குடையாம விட்டோம்?" "ஆமா. ஆணியே இறங்காது." "என் நகம் இறங்குதே." "உன் பொண்டாட்டி பவுடர் ஒட்டியிருக்கும், போடா." அர்மான் சிரிக்கவில்லை. கறுத்த மேற்பரப்பில் வெள்ளைக் கீறல் விரல் நீளத்துக்கு ஓடுகிறது. வெண்டல் தன் கட்டைவிரல் நகத்தை அழுத்துகிறார்; சோப்புக்கட்டியில் இறங்குவதுபோல் இறங்குகிறது. மெல்லுவதை நிறுத்துகிறார். "தூணுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேருடா?" "பதினோரு பேரு. உங்க தம்பியும்தான்." "கத்தாத. ஒவ்வொருத்தனா தோளத் தொட்டுக் கூட்டிட்டு வா. தூணும் பவுடர்க்கல்லுதான்டா, அதிர்ந்தா கூரை இறங்கிடும்." அர்மான் பூனைநடையில் இருளுக்குள் போகிறான். கூரையிலிருந்து பொடி உதிர்ந்து வெண்டலின் புருவத்தில் படிகிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ துளைக்கும் இயந்திரத்தை முடுக்குகிறார்கள்.