பெரியவரின் மனைவி

"வலிக்காம முடிச்சிடுங்கக்கா. என்ன இருந்தாலும் என் புருஷன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள் வந்தவள். எதிரே இருந்தவள் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"விஷம் வெச்சிடலாமா? சத்தமில்லாம போயிடுவார்."

"மாத்திரையே முழுங்கத் தெரியாதுக்கா அவருக்கு. துப்பாக்கியே இருக்கட்டும்."

"சரி, துப்பாக்கி" என்று கதாசிரியை மடிக்கணினியைத் திறந்தாள். ஐந்து வருடமாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் 'பெரியவர்' தொடரை எழுதுபவள் அவள். துறைமுகக் கடத்தல், பங்காளிப் பகை, பழிக்குப் பழி என்று போகும் ஒரு குற்றக் குடும்பத்தின் கதை. அதில் பெரியவராக நடிப்பவர் வந்தவளின் கணவர்.

"வீட்ல அப்படி என்னதான் பண்றார்?"

"கத்த மாட்டேங்கிறாருக்கா! முன்னெல்லாம் ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க மாதிரி நல்லாத்தான் கத்துவார். இப்போ கண்ணை மூடிக்கிட்டு மெதுவா பேசுறார். நேத்து டிவி ரிமோட்டைக் காணோம். 'இந்தக் குடும்பத்துக்குள்ளயே ஒரு துரோகி இருக்கான்'னு எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சிட்டார்."

"கடைசில யாரு?"

"அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலதான் கெடந்துச்சு. அவருக்கு அடியில."

கதாசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்குக் கணக்குல மார்க் கம்மி. 'அந்த வாத்தியாருக்குக் குடும்பம் இருக்கா?'ன்னு விசாரிக்கிறார். அவரைப் பெத்த அம்மாவே ரூமுக்கு வெளியில ஸ்டூல் போட்டுக் காத்துக் கெடக்குறாங்க. கூப்பிட்டாத்தான் உள்ள வரணுமாம்."

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பேசும் அந்தப் பழக்கத்தைப் பெரியவருக்குக் கொடுத்தது கதாசிரியைதான். அதற்காக ஒரு விருதுகூட வாங்கியிருந்தாள். 'பெண் மனத்தின் ஆழம் கண்டவர்' என்று அதில் பொறித்திருந்தார்கள். ஆழம் கண்டவர் இந்த ஐந்து வருடத்தில் பெரியவரின் மனைவிக்கு எழுதிய மொத்த வசனம், 'சாப்பிட வாங்க.' அவள் தட்டோடு வருவாள், வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்பாள், அழுவாள், போய்விடுவாள்.

அந்தப் பெண்ணே திரையை விட்டு இறங்கிவந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பதுபோல் கதாசிரியைக்குத் தோன்றியது. உள்ளே குற்றவுணர்ச்சி குறுகுறுத்தது. பெரிய மனசு பண்ணப்போகிறோம் என்பதால் அது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

"அவர் வேலை போயிடுமேம்மா. வீடு எப்படி ஓடும்?"

"அதெல்லாம் ஓடிடும்க்கா. எனக்கு நிம்மதி வேணும்."

"இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"ஐயோ! தெரிஞ்சா விசாரணைக் கமிஷனே வெச்சிடுவார். தம்பிதான் கார்ல கூட்டிட்டு வந்தான். கீழ நிக்கிறான், பாவம்."

கதாசிரியை இயக்குநரை அழைத்து, வந்தவளுக்கும் கேட்கட்டும் என்று கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டாள். பெரியவரை இந்த வாரமே கொல்லப்போவதாகச் சொன்னதும் மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது.

"மேடம், உங்களுக்குக் கோயிலே கட்டலாம்! செட்லயும் இதே கூத்துதான். டீ ஆறிப்போச்சுன்னு கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, 'உன்னை என் ரத்தம்னு நெனச்சேன்'ங்கிறார். அந்த ஆளு மறுநாள்லேர்ந்து வேலைக்கே வரலை. சரி, இவரைப் போட்டுட்டா கும்பலுக்கு யார் மேடம் தலைவர்? நாற்காலி காலியா இருந்தா சேனல்காரன் நம்மளைப் போட்டுடுவான்."

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பெரியவரின் மூத்த மகன் சிறையில் இருந்தான். இளைய மகனைப் போன மாதம்தான் கடலில் தள்ளியிருந்தாள்.

வந்தவள் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். "எனக்குக் கதையெல்லாம் தெரியாதுக்கா. ஆனா, பெரியவர் பின்னாடியே ஒரு டிரைவர் வாயே தொறக்காம நிப்பாரே... எனக்கென்னவோ அவரைப் பார்த்தாதான் மனசு கெடந்து அடிச்சுக்கும்."

கதாசிரியைக்குச் சிலிர்த்தது. வாய் திறக்காமல் நிற்பவனின் வலி, வாய் திறக்காமல் நிற்கும் இவளுக்கல்லவா தெரிகிறது! இந்த வரியை எங்காவது பேட்டியில் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"டிரைவரை உட்கார வெச்சிடலாம்" என்றாள் கைப்பேசியில்.

"ஆஹா! விசுவாசியே வாரிசு! உங்க மூளையே மூளை மேடம். இன்னிக்கே அந்தப் பையனோட ஒப்பந்தத்தை மாத்திடச் சொல்றேன்" என்றார் இயக்குநர். அந்தப் பாராட்டை அவள் திருத்தவில்லை.

பிறகு விறுவிறுவென்று எழுதினாள். பெரியவர் கண்ணை மூடி மெதுவாகப் பேசத் தொடங்குகிறார். அதனாலேயே துப்பாக்கியைப் பார்க்கத் தவறுகிறார். ஒரே குண்டு, வலியே இல்லை. காட்சியை இயக்குநருக்கு அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

"முடிஞ்சுதும்மா. இனி நீ தைரியமா இருக்கணும். வாயைத் தொறந்து பேசக் கத்துக்கோ."

"சரிக்கா. நீங்க என் கூடப் பொறந்தவங்க மாதிரி" என்று வந்தவள் அவள் கைகளைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

தான் விடுவித்த பெண் வெளிச்சத்தில் நடந்து போவதைப் பார்க்கும் ஆசையில் கதாசிரியை பால்கனிக்கு வந்தாள். கீழே காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் நின்றிருந்தான். எங்கேயோ பார்த்த நிற்பு.

வந்தவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவள் குரல் முதல் மாடிவரை கணீரென்று கேட்டது.

"நிமிர்ந்து நில்லுடா தம்பி, இனிமே நீதான் பெரியவர்!"