மூவரில் ஒருவருக்குப் பயம்

நண்பர்கள் மூவரும் பனிமலையில் பாதி ஏறியிருந்தபோது, பயத்தைக் கண்டுபிடிக்கும் அவர்களுடைய மூன்று ஹெல்மெட்டுகளும் ஒன்றாகப் பேசின. “உங்களில் ஒருவருக்குப் பயம். திரும்புங்கள்.” யாருக்கு என்று அவை சொல்லாது. ஒருவர் பயந்தாலும் எல்லோரும் இறங்கியாக வேண்டும் என்பது சட்டம்.

அது தான்தான் என்று தீர்த்தகிரிக்குத் தெரியும். அதனாலேயே மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்தினான். “எந்தத் தொடைநடுங்கிடா அது? நாமக்கல்லேர்ந்து இமயமலைக்கு இதுக்கா வந்தோம்?”

பூபதியும் ஜெயசீலனும் தாங்கள் இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே இறங்கினார்கள். எதிர்மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் நின்றிருந்த இடம் அப்படியே பெயர்ந்து பள்ளத்தில் கொட்டியது.

“நான்தான்டா பயந்தேன்,” என்றான் பூபதி. “என்னாலதான் உசுரு பொழைச்சீங்க.”

“போடா, எனக்குத்தான் குப்புன்னு வேர்த்துச்சு,” என்றான் ஜெயசீலன்.

“டேய், சத்தியமா அது நான்டா,” என்றான் தீர்த்தகிரி.

இருவரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“நீயா? உனக்கெல்லாம் ஏதுடா பயம்?”